விருந்தினர்க்கு எத்தனை நாள்?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றிய மக்களே இப்பழமொழியையும் வழங்கி வந்தார்கள் என்பது நினைக்கத்தக்கது. வந்தவரை முகமலர்ந்து வரவேற்பது பண்பு. அவர் எப்போது புறப்படுவார் என்று எண்ணிப் பார்ப்பது இல்லறத்தின் தேவை. இவ்விரண்டிற்கும் இடையே ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறது. குடும்பம் குறிப்பால் செய்கிற இக்காரியத்தை அரசாங்கங்கள் சட்டத்தால் செய்கின்றன. குடும்பத்தின் மூன்று நாள் அரசாங்கத்தின் ஏட்டில் முப்பது நாளாகவும் அறுபது நாளாகவும் தொண்ணூறு நாளாகவும் ஆகிவிடுகிறது.

வெளிநாடு செல்லும் பிரயாணிகளிடையே இந்த நாட்கணக்கைப் பற்றி இருவகைப் பிழையான எண்ணங்கள் உலவுகின்றன. முதலாவது, 'விசா வேண்டாம்' என்று ஒரு நாடு அறிவித்தால், 'விரும்பிய வரையில் தங்கலாம்' என்பதே அதன் பொருள் என்று கொள்வது. இரண்டாவது, கெடு முடியும் நாளில் எல்லையைத் தாண்டி அண்டை நாட்டு மண்ணை மிதித்து, அன்றோ மறுநாளோ திரும்பி வந்தால் புதிய கெடு தானாகவே பிறந்துவிடும் என்று நம்புவது. இந்த இரண்டாவது வழக்கத்தை நாம் 'எல்லை தொட்டு மீளல்' என்று குறிப்பிடுவோம். ஒரு காலத்தில் சில நாடுகளில் இது செல்லுபடியாயிற்று என்பது உண்மை. பல நாடுகளில் அந்த வாயில் இப்போது அடைபட்டுவிட்டது. அதை அறியாதவர் அபராதம் செலுத்துகிறார். சில வேளைகளில் பல ஆண்டுகளுக்கு அந்நாட்டில் கால் வைக்க முடியாதவராகிறார். ஆகவே இக்கெடு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு எண்ணப்பட்டது, எண்ணும் முறை ஏன் மாறிற்று என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வது பயனுடையதாகும்.

எல்லையில் சீட்டுக் கேட்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதற்கென்றே முத்திராத்தியட்சன் என்னும் ஓர் அதிகாரியைக் கூறுகிறது. ஒரு மாஷகம் கட்டணம் பெற்றுக்கொண்டு அவன் முத்திரைச் சீட்டு வழங்குவான். சீட்டு உடையவர் நாட்டிற்குள் வரலாம், வெளியே போகலாம். சீட்டின்றிச் சென்ற உள்நாட்டானுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். பொய்ச்சீட்டு வைத்திருந்தால் தண்டம் மிகும். பிடிபட்டவன் அயல்நாட்டானாயின் இன்னும் மிகும். உள்நாட்டானுக்கு ஒரு நீதி, அயலானுக்கு மற்றொரு நீதி என்னும் வேறுபாடு அன்றே தோன்றிவிட்டதை இங்கே காண்கிறோம்.

பதினான்காம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இபின் பதூதா, எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையிலிருந்த கத்யா என்னும் சாவடியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் அவ்வழியே சென்றது 1326-ஆம் ஆண்டில். சீட்டு இல்லாமல் எவரும் அச்சாவடியைக் கடக்க இயலாது. இரவில் மணலைச் சமன்செய்து வைப்பார்கள். காலையில் காவலர் வந்து காலடித் தடம் ஏதேனும் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடம் தென்பட்டால் அதைப் பின்தொடர்ந்து சென்று ஆளைப் பிடிப்பார்கள். இன்று விரல்ரேகையையும் முகத்தையும் பதிவு செய்யும் கருவிகளுக்கு மணலே முன்னோடி என்று சொல்லலாம்.

அதே இபின் பதூதா சில ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு வந்தபோது நேர்மாறான ஒரு விதியைச் சந்தித்தார். முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில், முல்தான் நகரத்தை அடைந்த அயல்நாட்டாரிடம், 'தங்குவதற்கு வந்தீரா?' என்று கேட்டார்கள். தங்குவதாக எழுதிக் கொடுத்த பின்னரே மேலே செல்ல வழி கிடைத்தது. அவரும் அவ்வாறே எழுதிக் கொடுத்தார். 'நெடுநாள் தங்காதே' என்று இன்றைய எல்லை சொல்கிறது. 'தங்காமல் போய்விடாதே' என்று அன்றைய எல்லை சொல்லிற்று. கற்றோரும் வல்லோரும் தேவைப்பட்ட அரசுக்கு விருந்தினரின் கெடு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கெடு என்பது இயற்கை நியதியன்று. அரசின் தேவைக்கேற்ப நீள்வதும் குறுகுவதும் அதன் இயல்பு. இவ்வுண்மையை மனத்தில் கொண்டால் பிற்கால வரலாறு எளிதில் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டி வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் எல்லை கடந்தபோது ஒவ்வொருவரின் சீட்டையும் நின்று படிப்பது இயலாத காரியமாயிற்று. 1860-களில் பிரான்சு தொடங்கி ஐரோப்பிய நாடுகள் பலவும் பாஸ்போர்ட் சோதனையைத் தளர்த்தின. முதல் உலகப் போருக்கு முன்பு மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பிரயாணம் செய்ய முடிந்தது. ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. 1914-ஆம் ஆண்டில் கோமகட்டா மாரு என்னும் கப்பலில் 376 இந்தியர் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தனர். பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை உடைய நாட்டிலிருந்தோ இடைநில்லாது நேரே வந்தவரே இறங்கலாம் என்ற விதியைக் காட்டி அவர்களில் மிகப் பெரும்பாலோரை இறங்கவிடாமல் செய்தனர். ஜூலை 23-ஆம் நாள் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. சொல்லளவில் எல்லார்க்கும் பொதுவான அவ்விதி, செயலில் யாரைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது என்பதை உலகம் அறிந்தது.

போர் வந்ததும் கதவுகள் யாவும் அடைபட்டன. போர்க்காலத்திற்கு மட்டும் என்று விதித்த பாஸ்போர்ட்டும் விசாவும் போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920-ஆம் ஆண்டு அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸ் நகரத்தில் ஒரு மாநாடு கூடிற்று. முப்பத்திரண்டு பக்கங்கள் கொண்ட ஒரே மாதிரியான பாஸ்போர்ட் புத்தகத்தை அது பரிந்துரைத்தது. இன்று நம் கையிலுள்ள புத்தகத்தின் வடிவம் அம்மாநாட்டில் உருவாயிற்று. அதே 1920-ஆம் ஆண்டில் இந்தியாவிலும் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம் பிறந்தது. பின்னர் 1939-இல் அயல்நாட்டார் பதிவுச் சட்டமும், 1946-இல் அயல்நாட்டார் சட்டமும் வந்தன. சுதந்திரத்திற்கு முன் எழுதப்பட்ட இம்மூன்றும் நெடுங்காலம் நிலைத்திருந்து, குடிநுழைவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோதுதான் நீங்கின.

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 'விசா' என்னும் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்ட தாள்' என்பது அதன் அடிப்பொருள். நம் நாட்டை விட்டுப் புறப்படுமுன்பே எதிர்நாட்டின் தூதரகம் நம் தாளைப் பார்த்து ஒப்பமிடுவது விசா. அதன்பின் எல்லையில் நிற்கும் குடிநுழைவு அதிகாரி, நம்மை உள்ளே விடுவதா, விட்டால் எத்தனை நாளுக்கு என்று தீர்மானித்து முத்திரையிடுவது நுழைவு இசைவு. இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள். 'விசா விலக்கு' என்று ஒரு நாடு அறிவிக்கும்போது முதற்செயலை மட்டும் நீக்குகிறது. இரண்டாவது செயல் அப்படியே நிற்கிறது. முன்னிலும் வலுவாக நிற்கிறது என்றும் சொல்லலாம். தூதரகத்தில் நடக்க வேண்டிய சோதனை முழுவதும் எல்லையிலுள்ள மேசைக்கு வந்துவிடுகிறதன்றோ! கதவைத் தட்ட வேண்டாம் என்பது வேறு. வீட்டிலேயே குடியிருக்கலாம் என்பது வேறு.

1948-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்திலும் இந்த நுட்பத்தைக் காணலாம். அதன் 13-ஆம் பிரிவு, தன் நாடு உட்பட எந்த நாட்டை விட்டும் வெளியேறும் உரிமையையும், தன் நாட்டிற்குத் திரும்பும் உரிமையையும் ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. பிறர் நாட்டிற்குள் நுழையும் உரிமையைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. இந்தியக் குடிமகன் வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே பாஸ்போர்ட் சட்டமும் இயற்றப்பட்டது. புறப்படுவது நமக்கு உரிமையாயிற்று. போய்ச் சேருமிடத்தில் அது மற்றவர் காட்டும் சலுகையாகவே இருந்து வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் மீண்டும் கதவைத் திறக்க முற்பட்டன. 1957 டிசம்பர் 13-ஆம் நாள் பாரிஸில் ஐரோப்பிய கவுன்சில் நாடுகள் சில ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடையாளச் சீட்டு ஒன்றைக் காட்டினாலே ஒரு நாட்டவர் மற்றொரு நாட்டிற்குச் செல்லலாம். ஆனால் தங்கும் காலம் மூன்று மாதத்திற்கு மிகக் கூடாது. பொருளீட்டும் தொழில் செய்வதற்கு வந்தால் இச்சலுகை பொருந்தாது. காலம், நோக்கம் ஆகிய இவ்விரு வேலிகளுக்குள்தான் விருந்தினன் என்னும் சட்டக்கருத்து வளர்ந்தது. மூன்று மாதத்திற்குள் போகிறவன் பார்க்க வந்தவன். அதற்கு மேல் இருக்கிறவன் வாழ வந்தவன் என்பது இதன் கருத்து.

இக்கருத்து நம் அருகில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்தது முதல், சென்னையில் வண்டியேறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு வரையில் செல்லும் வழி ஏற்பட்டிருந்தது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புச் சோதனை உண்டு; ஆனால் தமிழகத்துக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் இடையே போக்குவரவு பழகிப்போன ஒன்றாக இருந்தது. இலங்கை விடுதலை பெற்றபின் 1948-இல் இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அக்கடல் வெளிநாட்டுக் கடலாயிற்று. இந்தியர் என்று கருதப்பட்டவர்க்குச் சீட்டும் இசைவும் கெடுவும் வேண்டியதாயிற்று. அதே 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் மிகப் பலர் எந்நாட்டுக் குடிமகனும் அல்லாதவராயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. பாட்டனார் காடு திருத்தித் தேயிலை நட்ட மண்ணிலேயே பேரனை நோக்கி, 'நீ விருந்தினன். எத்தனை நாள் இருப்பாய்?' என்று கேட்ட கேள்வி அது. கெடு என்பது விருந்தினர்க்கு உரியது. வீட்டில் பிறந்தவர்க்கே அதை விதிக்கும்போது சட்டம் எத்துணைக் கொடிதாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வடக்கிலும் இதுவே நிகழ்ந்தது. பிரிவினைக்குப் பின் 1948 ஜூலையில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருவோர்க்கு இந்திய அரசாங்கம் அனுமதிச் சீட்டு முறையைக் கொணர்ந்தது. 1952 அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. பிறந்த ஊரைக் காணவும், தாய் தந்தையரைப் பார்க்கவும் தற்காலிகச் சீட்டுப் பெற்று வந்து, கெடு கடந்து நின்று, சொந்தத் தெருவிலேயே குற்றவாளியானவர் உண்டு. இதற்கு மாறாக, 1950 ஜூலை 31-ஆம் நாள் இந்தியாவும் நேபாளமும் செய்த ஒப்பந்தம் இரு நாட்டு மக்களும் ஒருவர் நாட்டில் மற்றவர் வசிக்கவும் தொழில் செய்யவும் வழி வகுத்தது. அங்கே இந்தியனுக்கு விசாவும் இல்லை, நாட்கெடுவும் இல்லை. ஒரே பத்தாண்டுக் காலத்துக்குள், ஒரே நாட்டின் மூன்று எல்லைகளில், மூன்று வெவ்வேறு நியதிகள் எழுந்ததை நாம் இங்கே காண்கிறோம்.

இனி எல்லை தொட்டு மீளும் வழக்கத்திற்கு வருவோம். விமானப் பிரயாணம் மலிந்து, சுற்றுலா ஒரு பெருந்தொழிலான பின் இது பரவிற்று. தாய்லாந்து இதற்குப் பேர்பெற்ற களமாயிற்று. வடக்கே மே சாய், தெற்கே ரனோங், கிழக்கே அரண்யப்பிரதேத் முதலிய எல்லையூர்களில் அயல்நாட்டார் காலையில் பர்மாவுக்கோ கம்போடியாவுக்கோ சென்று, உணவு வேளைக்குள் திரும்பிப் புதிய முத்திரை பெற்றனர். இதற்கென்றே வாடகை வண்டி நடத்தியவர்களும் இருந்தனர். விதி 'ஒவ்வொரு வருகைக்கும் முப்பது நாள்' என்றிருந்தது. வருகையை எண்ணிற்றேயன்றி, வருபவன் அந்நாட்டில் கழித்த நாட்களை எண்ணவில்லை. எனவே முப்பது நாளைப் பன்னிரண்டு முறை பெற்றவன் ஆண்டு முழுவதும் விருந்தினனாகவே வாழ்ந்தான். அவர்களில் ஓய்வூதியம் பெறும் முதியவரும் இருந்தனர். தாய்லாந்துப் பெண்ணை மணந்தவரும் இருந்தனர். அனுமதியின்றி வேலை செய்தவரும் இருந்தனர். சட்டத்தின் கண்ணுக்கு அனைவரும் சுற்றுலாக்காரரே.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2006 அக்டோபர் 1 முதல், ஆறு மாதத்திற்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் இவ்வாறு தங்கலாகாது என்று தாய்லாந்து விதித்தது. 2008 இறுதியில், தரைவழியாக வருவோர்க்குரிய கெடுவைப் பதினைந்து நாளாகக் குறைத்தது. 2014-இல் எல்லைச் சாவடிகளில் கெடுபிடி மிகுந்தது. 2016 இறுதியில், விசா விலக்கின் பேரில் தரைவழியே நுழைவது ஓர் ஆண்டில் இருமுறைதான் என்று வரையறுத்தது. அவ்வாண்டு மார்ச்சு 20 முதல், கெடு கடந்து தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கியவர் தாமே புறப்பட்டாலும் ஓராண்டுக்கு மீண்டும் வர முடியாது. பிடிபட்டால் தடை ஐந்தாண்டோ பத்தாண்டோ ஆகும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. அபராதம் நாளொன்றுக்கு 500 பாட், மிகுதியாக 20,000 பாட் என்று இருந்து வந்தது. பின்னர்ச் சுற்றுலாவைப் பெருக்க வேண்டி, 2024 ஜூலை 15-ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட 93 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் விசா இல்லாக் கெடுவை 60 நாளாக உயர்த்தியது. வருவாய் வேண்டும்போது கெடு நீள்கிறது. ஐயம் மேலிடும்போது குறுகுகிறது. முல்தானில் கண்ட உண்மையே இங்கும் விளங்குகிறது.

தாய்லாந்து விதியை மாற்றிய அதே 2006 அக்டோபரில் ஐரோப்பாவில் ஒரு சொல்லின் மீது வழக்கு நடந்து முடிந்தது. லக்ஸம்பர்க் நாட்டில், மோசல் ஆற்றங்கரையில், மூன்று நாடுகளின் எல்லைகள் கூடுமிடத்தில் ஷெங்கன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1985 ஜூன் 14-ஆம் நாள், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் தமக்கிடையேயுள்ள எல்லைச் சோதனையை நீக்க உடன்பட்டு, ஒரு படகில் அமர்ந்து கையொப்பமிட்டன. 1995 மார்ச்சு 26-இல் அது செயலுக்கு வந்தது. உள்ளெல்லைகள் நீங்கவே, வெளியாருக்கு எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரே வீடாயின. ஆதலால் பிரான்சில் கெடு முடிந்தவன் பெல்ஜியத்துக்குப் போய்வந்து பயனில்லை. அது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போவதை ஒக்கும்.

ஆனால் விதியின் வாசகத்தில் ஒரு சந்து இருந்தது. 'முதல் நுழைவு நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மூன்று மாதம்' என்று அது கூறிற்று. முதல் நுழைவு என்பது எது? வாழ்நாளில் முதன்முறையா, ஒவ்வோர் ஆறு மாதத்திலும் முதன்முறையா? பிரான்சிலிருந்து வெளியேறுமாறு ஆணையிடப்பட்ட ருமேனிய நாட்டார் ஒருவரின் வழக்கில் இவ்வினா ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் சென்றது. ஓர் ஆறு மாதம் கழிந்தபின் வரும் புதிய நுழைவும் 'முதல் நுழைவு' ஆகும் என்று 2006 அக்டோபர் 3-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் ஜனவரி முதல் நாளில் ஒருமுறை தலைகாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். பிறகு ஏப்ரல் தொடக்கத்தில் வந்து ஜூன் இறுதி வரையில் தங்குகிறார். ஆறு மாதம் முடிந்தவுடன் எல்லை தொட்டு மீண்டு, ஜூலையில் புதிய கணக்கைத் தொடங்கி, மேலும் மூன்று மாதம் இருக்கிறார். மூன்று மாதத்து விருந்தினர் ஏறக்குறைய ஆறு மாதம் தொடர்ந்து இருந்துவிட்டார், விதியோ மீறப்படவில்லை!

சட்டத்தின் சொற்கள் இதற்கு இடம் தந்தன. ஆகவே சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று. 2013 அக்டோபர் 18 முதல் 'முதல் நுழைவு' என்னும் தொடர் மறைந்தது. 'எந்த 180 நாட்காலத்திலும் 90 நாளுக்கு மிகாமல்' என்று புதிய விதி வந்தது. பழைய கணக்கு முன்னோக்கி ஓடிற்று; புதிய கணக்கு பின்னோக்கிப் பார்க்கிறது. தங்கும் ஒவ்வொரு நாளிலும், அந்நாளையும் சேர்த்துக் கடந்த 180 நாளை எண்ணி, அதில் இருந்த நாட்கள் 90-க்கு மேற்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நுழையும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சாதாரண ஆண்டொன்றில் ஜனவரி 1-ஆம் நாள் ஒருவர் நுழைந்து மார்ச்சு 31-ஆம் நாள் புறப்படுகிறார். ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஆக 90 நாள் தீர்ந்தது. அவர் ஏப்ரல் 1-ஆம் நாள் லண்டனுக்குப் போய் இரண்டாம் நாள் திரும்பினால் உள்ளே விடமாட்டார்கள். ஜூன் 29-ஆம் நாளில் திரும்பிப் பார்த்தாலும் ஜனவரி 1 முதல் உள்ள 180 நாளும் கண்ணில் படும். பழைய தொண்ணூறோடு அன்றைய நாளும் சேர்ந்து 91 ஆகிவிடும். ஜூன் 30-ஆம் நாளில் ஜனவரி 1 கணக்கிலிருந்து உதிர்கிறது. அன்று அவர் நுழையலாம். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு பழைய நாள் உதிர, ஒரு புதிய நாள் சேரும். இம்முறையில் எல்லையைத் தொடுவதால் எதுவும் அழிவதில்லை; காலம் ஒன்றே கணக்கைக் கரைக்கும். விசா விலக்குப் பெற்றவர்க்கும், நம்மைப் போல் குறுங்கால விசா பெற்றுச் செல்பவர்க்கும் இக்கணக்கு ஒன்றே. விசாவின் செல்லுபடிக் காலம் நீண்டிருந்தாலும் அது தங்கும் காலத்தை நீட்டுவதில்லை.

மற்ற நாடுகள் வேறு உபாயங்களைக் கையாண்டன. அமெரிக்கா 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்திய விசா விலக்குத் திட்டத்தில் 90 நாள் கெடு உண்டு. அதற்கிடையே கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ அருகிலுள்ள தீவுகளுக்கோ சென்று வந்தால், பொதுவாக அந்நாட்களும் அதே தொண்ணூறில் சேர்க்கப்படும். அண்டை வீட்டுத் திண்ணையில் கழித்த பொழுதும் நம் வீட்டில் கழித்ததாகவே கொள்ளப்படும் என்பது இதன் கருத்து. நம் நாட்டிலும் இத்தகைய விதி இருந்தது. சுற்றுலா விசாவில் வந்த அயல்நாட்டார் ஒருமுறை வெளியேறினால், மறுமுறை வருவதற்கு இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்று 2009 இறுதியில் பாதுகாப்புக் காரணம்பற்றி விதிக்கப்பட்டது. நேபாளத்தையும் இலங்கையையும் சேர்த்துப் பார்க்க வந்த உண்மையான யாத்திரிகர்க்கும் அது இடையூறாயிற்று. எனவே சில நாட்டினரைத் தவிர ஏனையோர்க்கு 2012 டிசம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. வலையின் கண் மிகச் சிறிதானால் வேண்டாத மீனோடு வேண்டிய மீனும் சிக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வளவு காலமும் பிரயாணியின் நாட்கணக்கு மையால் எழுதப்பட்டது. முத்திரை மங்கியிருக்கலாம், பக்கம் மாறிக் குத்தப்பட்டிருக்கலாம், அதிகாரிக்கு எண்ணிப் பார்க்க நேரமில்லாதிருக்கலாம். அந்த மங்கலின் நிழலில் தப்பியவரும் உண்டு. தவறின்றியே அகப்பட்டவரும் உண்டு. 2025 அக்டோபர் 12-ஆம் நாள் ஷெங்கன் நாடுகள் படிப்படியாகத் தொடங்கிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறை, முத்திரைக்குப் பதிலாக முகத்தையும் விரல்ரேகையையும் பதிவு செய்து, நாட்களைப் பொறியே எண்ணுமாறு செய்கிறது. கத்யாவின் மணல் இப்போது எந்தக் காற்றாலும் கலையாததாகிவிட்டது. இதில் நன்மையும் உண்டு. பொறி எண்ணும் கணக்கை நாமும் எண்ணிச் சரிபார்க்கலாம். ஆனால் நோயினாலோ விமானம் நின்றுபோனதாலோ ஒரு நாள் மிகுந்தவரையும், வேண்டுமென்றே ஓராண்டு மறைந்திருந்தவரையும் பொறி ஒரே நிறத்தில் காட்டும். இவ்விருவரையும் வேறு பிரித்தறிவது மனிதனின் கடமையாகவே எஞ்சுகிறது.

ஆகவே விசா இன்றிச் செல்ல விழைபவர் புறப்படுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். கெடு ஒவ்வொரு வருகைக்குமா, ஒரு காலப்பகுதிக்கா, ஆண்டிற்கா? நுழையும் நாளும் புறப்படும் நாளும் சேருமா? அண்டை நாட்டில் கழித்த நாள் கணக்கிலிருந்து நீங்குமா? வான்வழிக்கும் தரைவழிக்கும் விதி ஒன்றேயா? விடைகளை அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவிப்பில் காண்பதே முறை. சென்ற ஆண்டு போய்வந்த நண்பரின் அனுபவம் சென்ற ஆண்டுக்கே பொருந்தும். முதலில் ஒரு வருகைக்கு இத்தனை நாள் என்று எண்ணிய அரசுகள் பின்னர்க் காலப்பகுதியை எண்ணின; இப்போது ஆளையே எண்ணுகின்றன என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டியது.

இக்கேள்விகளுக்கெல்லாம் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. பார்க்க வந்தோமா, வாழ வந்தோமா? பார்க்க வந்தவர்க்குத் தொண்ணூறு நாள் குறைவன்று. வாழ வந்தவர்க்கு எத்தனை முறை எல்லை தொட்டாலும் போதாது. அவர்க்குரிய வழி கல்வி, தொழில், குடும்பம், ஓய்வு ஆகியவற்றுக்கென அமைந்த விசாக்களே. தம் நோக்கத்தை மறைத்துக் கெடுவை நீட்டுபவர் ஒவ்வொருவரும், அடுத்து வரும் நேர்மையான பிரயாணியின் கெடுவைக் குறுக்குகிறார். அரசாங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. விருந்தினர் யார், வீட்டார் யார் என்பதை நேர்மையோடு பிரித்தறிந்து, படிப்பவர்க்கு இருபொருள் படாத தெளிந்த சொற்களில் விதியை எழுதி வைக்க வேண்டும். ஒரு சொல்லின் மயக்கம் ஒருவரை நாடுகடத்தும் அளவுக்குச் செல்லக்கூடும் என்பதையும், வீட்டில் பிறந்தவரை விருந்தினர் பட்டியலில் எழுதிவிட்டால் இலட்சக்கணக்கானோர் வாழ்வு நிலைகுலையும் என்பதையும் இருபதாம் நூற்றாண்டு நமக்குக் காட்டிவிட்டது.